ஒன்றரைச் சுற்று

பெரிய இன்ஜின்களோடு காலம் தள்ளியவனுக்குச் சின்ன இன்ஜின்களைக் கண்டால் ஓர் இளக்காரம் வரும். எனக்கு அது தாராளமாகவே இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில், டக் என்று நாங்கள் சொல்லும் இழுவைப் படகுகளில் இருபத்தாறு வருடமாக இன்ஜின் ஃபிட்டராக இருக்கிறேன். ஆள் உயரத்துக்கு நிற்கும் டீசல் இன்ஜின்கள். கப்பல் எதையும் இழுக்காமல் சும்மா ஓடிக்கொண்டு நிற்கும்போது, அதாவது ஐட்லிங்கில், இன்ஜின் மூச்சு வாங்கினால் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் ஒரு ஸ்குரு இருக்கும். பூட்டு நட்டைத் தளர்த்தி, ஸ்குருவைக் கொஞ்சம் உள்ளே கொடுத்து, நட்டை இறுக்கிவிட்டால் காரியம் முடிந்தது. மீற்றரைக்கூட நான் பார்ப்பதில்லை. இரும்புத் தட்டில் நிற்கும் என் உள்ளங்காலே சொல்லிவிடும். பொடியன்கள் இதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

அந்தக் கெட்டித்தனத்தால் என் மனைவியை எட்டு மாதம் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் இறக்கக்கண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறாள். நகரத்திலிருந்து நிலாவெளி றோட்டால் போக வேண்டும். பதினொரு வருடம் பஸ்ஸில் போனாள். காலை பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் அன்று வீட்டுக்கு வந்து அதை ஒரு செய்தியாகச் சொல்வாள். பிள்ளைகள் இருவரும் படிக்கவென்று கொழும்புக்குப் போன பிறகு, நாற்பத்தாறு வயதில், கார் ஓடப் பழகப்போகிறேன் என்றாள். நான் சிரித்தேன். முதல் தடவை பரீட்சையில் தவறினாள், நான் இன்னும் சிரித்தேன். இரண்டாம் தடவை பாஸ் பண்ணிக்கொண்டு வந்து லைசென்ஸை மேசையில் வைத்துவிட்டு, நேரே குசினிக்குள் போய்விட்டாள். அந்த நடையை இப்போதும் என் கண்முன் காண்கிறேன்.

வாங்கினது பழைய ஜப்பான் கார், கியர் தானாக மாறும் ஓட்டோ கியர். வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த காலம், அதைவிட நல்லது எங்கள் கைக்கு எட்டவில்லை. ஓடும்போது தங்கமான கார். நிற்கும்போதுதான் வருத்தம். கோட்டைப் பக்கம் ஊருக்குள் திரியும் மான்கள் றோட்டைக் கடக்க வந்து, அவள் பிரேக்கைப் பிடித்தால் இன்ஜின் இரண்டு தரம் குலுங்கிவிட்டு அணைந்துபோகும். ஏசி போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். பின்னால் முச்சக்கரவண்டிக்காரர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். மான்கள் மட்டும் அவசரமில்லாமல் நின்று அவளைப் பார்க்கும்.

"ஒருக்கா கராஜில காட்டுவமே?" என்றாள்.

"கராஜ்காரனுக்கு என்ன ரெண்டு மூளையே? நான் பாக்கிறன்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை பொனற்றைத் திறந்தேன். காற்று போகும் தடித்த றப்பர் குழாய் ஒன்று இன்ஜினுக்குள் இறங்கும் இடத்தில் ஓர் அலுமினியப் பெட்டி இருக்கும். த்ரொட்டில் பொடி என்பது அதுதான். உள்ளே வட்டமான ஒரு தட்டு. அக்சிலேட்டரை மிதித்தால் தட்டு திறந்து காற்று உள்ளே போகும், காலை எடுத்தால் மூடும். தட்டு எவ்வளவு மூட வேண்டும் என்று பிடித்து நிறுத்த, பெட்டிக்கு வெளியே குண்டுமணி அளவில் ஒரு ஸ்குரு. அதன் தலையில் கம்பனிக்காரன் வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து மூடியிருந்தான். இதைத் தொடாதே என்பதற்கு அதைவிடத் தெளிவாக ஓர் அடையாளம் வைக்க முடியாது. பயந்தவர்களுக்காக வைத்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். பெயின்ட்டை உடைத்தேன். இன்ஜினை ஓடவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, டக்கில் நிற்பதுபோல ஒரு கால் மட்காட்டில் சாய நின்று ஸ்குருவை உள்ளே கொடுத்தேன். கால் சுற்று. அரைச் சுற்று. ஒன்றரைச் சுற்றில் இன்ஜின் தலையை நிமிர்த்திக்கொண்டு ஓடியது. ஏசியைப் போட்டேன், அணையவில்லை. எல்லாமாகப் பத்து நிமிடம். அன்று கேளாமலே இரண்டாவது தேத்தண்ணி வந்தது.

உள்ளே எட்டிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தட்டைச் சுற்றி வருடக்கணக்கில் பிடித்த கரியால்தான் காற்றுப் போகும் வழி அடைபட்டிருந்தது. அதைத் துடைத்திருந்தால் போதும். டீசல்காரனுக்கு அந்தத் தட்டோடு பழக்கமில்லை. ஸ்குருவோடுதான் பழக்கம்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு பின்னேரம் அவள் கார்ச் சாவியை ஆணியில் கொழுவிக்கொண்டே சொன்னாள்.

"என்னப்பா, கார் சிலநேரம் தானா இழுக்குது. மெல்லப் போகேக்க திடீரெண்டு ஒரு பாய்ச்சல் பாயுது."

"ஓட்டோ கார் எண்டால் இழுக்கத்தான் செய்யும்."

இன்னொரு நாள் சொன்னாள், "நிண்டுகொண்டிருக்கேக்க அந்த மீற்றர் முள்ளு ஏறுது, இறங்குது. நான் ஒண்டும் செய்யேல்லை."

"நீர் தெரியாமலே காலை அக்சிலேட்டரில வச்சிருக்கிறீர். புதுசா ஓடுற எல்லாரும் செய்யிறதுதான். காலைக் கவனியும்."

அவள் தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள். மூன்றாம் தடவை எனக்கு அவள் சொல்லவில்லை.

அது ஒரு திங்கட்கிழமை. நான் டக்கின் இன்ஜின் அறையில் நின்றேன், கீழே போனுக்கு சிக்னல் வராது. வெளிச்சத்துக்கு ஏறி வந்தபோது பதினொரு தவறிய அழைப்புகள் இருந்தன. நண்பன் ஒருவனின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு நிலாவெளி றோட்டில் எப்படிப் போனேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

நடந்தது இதுதான். பள்ளிக்கூட வாசலுக்குள் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பிரேக்கிலிருந்து காலை விட்டும் பிடித்தும், நடக்கிற வேகத்தில் அவள் காரை விட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். மகளைக் கொண்டுவந்து விட்ட ஒரு தாய் வாசல் தூணோடு ஒதுங்கி நின்றிருக்கிறா. கார் ஒரு முழம் பாய்ந்தது. ஒரே ஒரு முழம்தான். பம்பருக்கும் தூணுக்கும் நடுவில் அந்தத் தாயின் இடது கால் அகப்பட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

நான் போனபோது அந்தத் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் மனைவி வேப்பமரத்தடியில் வாங்குப் பலகையில் இருந்தாள். சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு வருகிற எல்லோரிடமும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் பிரேக்கிலதான் வச்சனான்."

ஒருவரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் கொடுமை. அதிபரும் சக ரீச்சர்மாரும் அளவெடுக்க வந்த பொலிஸ்காரரும் முதுகைத் தடவாத குறையாகச் சொன்னார்கள்: பதட்டத்தில பிரேக் எண்டு அக்சிலேட்டரை மிதிக்கிறது எல்லாருக்கும் நடக்கிறது, ரீச்சர். அவள் என்னைக் கண்டதும் எழும்பினாள்.

"நீங்கள் சொல்லுங்கோப்பா. காலைத் தெரியாமல் அக்சிலேட்டரில வைக்கிற பழக்கம் எனக்கு இருக்கோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரமே விளங்கிவிட்டது. மீற்றர் முள், தானாகப் பாய்வது, ஒன்றரைச் சுற்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நான் வாயைத் திறந்தேன்.

"பதட்டத்தில நடந்திருக்கலாம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அந்த வசனத்தைச் சொல்லவில்லை.

காரைப் பொலிஸ் நிலைய வளவில் நிறுத்தி வைத்தார்கள். வாகனப் பரிசோதகர் வந்து பார்க்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அடுத்த நாள் போய், மனைவியின் பை உள்ளே இருக்கிறது, பற்றரி வயரையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பற்றரி இறங்கிவிடும் என்றேன். அங்கிருந்த பொலிஸ்காரர் நல்ல மனிதர், தலையாட்டினார். பொனற்றைத் திறந்தேன். ஸ்குருவை ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன். தலையில் உடைந்த பெயின்ட் விளிம்பு தெரிந்தது. பின் சீற்றில் கிடந்த அவளுடைய பைக்குள், திருத்திய கொப்பிகளோடு, பிழை அழிக்கிற வெள்ளை மைப் போத்தல் ஒன்று இருந்தது. மூடியில் சின்னத் தூரிகை. அதால் ஒரு பொட்டு வைத்தேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. நல்ல வடிவாக வைத்தேன். பற்றரி வயரைக் கழற்றினேன், பொனற்றை மூடினேன், பையை எடுத்துக்கொண்டு அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் செய்தேன் என்று என்னையே பலதரம் கேட்டிருக்கிறேன். சிறைக்குப் பயந்தா? இல்லை. ஒரு காரின் ஐட்லிங்கைக்கூடச் சரிசெய்யத் தெரியாதவன் என்று ஊர் சொல்லும் என்ற வெட்கம். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பரிசோதகர் பிரேக்கைப் பார்த்தார், ஸ்ரியரிங்கைப் பார்த்தார், ரயரைப் பார்த்தார். எல்லாம் சரி என்று எழுதினார். உண்மையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நீதிமன்றத்தில் அவள் குற்றத்தை ஒத்துக்கொண்டாள். தண்டம் கட்டினோம். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு வந்து அலுமாரியில் கல்யாணச் சேலைக்குக் கீழே வைத்துவிட்டு, அடுத்த நாள் விடிய பஸ்ஸுக்குப் போனாள்.

சனிக்கிழமை தோறும் அந்தத் தாயைப் பார்க்கப் போவாள். அதுவும் பஸ்ஸில்தான். அந்தத் தாயின் புருஷன் கடலுக்குப் போகிறவர், அவ வீட்டில் கருவாடு காயவைத்து விற்கிறவ. கால் மாவுக்கட்டில் இருந்த மாதங்களில் கருவாட்டு வேலையும் நின்றுபோனது. என் மனைவி பால்மாவும் பழங்களும் கொண்டுபோவாள். போய், மூன்றாம் வகுப்பில் இருந்த அந்த மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவாள். என்னையும் கூப்பிட்டாள். எனக்குச் சனிக்கிழமைகளில் டியூட்டி இருந்தது. இல்லாத சனிக்கிழமைகளிலும் இருந்தது.

"அவ என்னை ஏசினா நல்லா இருக்குமப்பா" என்று ஒருநாள் சொன்னாள். "ஏசுறா இல்லை. போனவுடன கதிரை கொண்டுவந்து வைக்கிறா."

ஆறாம் மாதம் அளவில் குசினித் தரையில் சோக்குக் கட்டியால் கீறிய இரண்டு பெட்டிகளைக் கண்டேன். ஒன்று அகலம், மற்றது ஒடுக்கமாக நீளம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை. பாடத்துக்கு ஏதோ செய்து பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகொரு பின்னேரம் நான் வேளையோடு வந்துவிட்டேன். அவள் சாப்பாட்டுக் கதிரையைப் பெட்டிகளுக்கு முன்னால் இழுத்துப் போட்டு, கைகளை ஸ்ரியரிங் பிடிப்பதுபோல மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். வலது கால் அகலப் பெட்டியில். மெல்லத் தூக்கினாள். திரும்ப அதே பெட்டியில் வைத்தாள். கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள். பிறகு மீண்டும் கண்ணை மூடினாள்.

நான் கதவடியில் நின்றதைக் கண்டுவிட்டாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"நூறு தரம் செய்தாலும் பிரேக்கிலதான் போகுது. அண்டைக்கு மட்டும் ஏன் மாறினது எண்டுதான் விளங்கேல்லை. என்ர காலை நானே நம்பேலாமல் இருக்கப்பா."

நான் முகம் கழுவப் போவதாகச் சொல்லிக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே வெகுநேரம் நின்றேன். திரும்பி வந்தபோது ஈரத் துணியால் அந்தப் பெட்டிகளைத் துடைத்துவிட்டிருந்தாள்.

எட்டாம் மாதம் அவளே சொன்னாள், "காரை வித்துப்போடுங்கோ. இனி நான் ஓடமாட்டன்."

விற்பதென்றால் வாங்க வருகிறவன் இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பான். ஸ்குரு பழைய இடத்துக்குப் போனபிறகு கார் முன்புபோலவே, நிறுத்தினால் அணைந்துவிடும். இந்தத் தடவை நான் திறமை காட்டப் போகவில்லை. சீனன்குடாப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒரு கிண்ணியாக்காரரிடம் கொண்டுபோனேன். முப்பது வயதிருக்கும், அவசரமில்லாத ஆள். றப்பர் குழாயைக் கழற்றி உள்ளே ரோர்ச் அடித்துக் காட்டினார். தட்டைச் சுற்றி அடுப்பு மேல் சட்டியின் அடிப்பக்கம்போலக் கரி.

"இவ்வளவுதான் அண்ணன் வருத்தம். கழுவினாச் சரி" என்றார்.

கிளீனர் அடித்து, பழைய பல் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்தார். கறுப்பாக வழிந்தது. தட்டின் விளிம்பு பளிச்சென்று வந்தது. பிறகு வெளியே திரும்பி ஸ்குருவைக் கண்டார். நகத்தால் சுரண்டினார். வெள்ளை மை செதில் செதிலாகக் கழன்று வந்தது.

"இது கம்பனிப் பெயின்ட் இல்ல. பள்ளிக்கூடத்துல பிழை அழிக்கிற மை. இதுல யாரோ கை வெச்சிரிக்காங்க அண்ணன்."

"வச்சால் என்ன?" என்று கேட்டேன்.

"காலெடுத்தா தட்டு முழுசா மூடி வந்து நிக்கணும். அப்பதான் ஆள் காலெடுத்திட்டாருண்டு கம்பியூட்டருக்கு விளங்கும். ஸ்குருவை உள்ள குடுத்தா தட்டு திறந்தே நிக்கும். ஆள் இன்னும் மிதிச்சிட்டு இரிக்காருண்டு அது நினைக்கும். கூட்டும், குறைக்கும், பொறவு கூட்டும். மெதுவாப் போகக்குள்ள சும்மா பாயும். அப்பிடி வண்டியை ஆரும் ஓட்டினா, பாவம், கால் எங்க இரிந்தாலும் ஒண்டுதான்."

எட்டு மாதமாக எனக்குள் ஓர் ஒளிப்பிடம் இருந்தது. ஒருவேளை அவளுடைய கால்தானோ என்னவோ, ஸ்குருவும் இருக்கலாம், காலும் இருக்கலாம் என்ற ஒரு மூலை. அந்த மனிதர் தெரியாமலே அதை இடித்துத் தள்ளிவிட்டார். ஊர் மட்டுமல்ல, அந்தக் காரே அவள் மிதிக்கிறாள் என்று நினைத்திருக்கிறது. நினைக்க வைத்தது நான்.

ஸ்குருவைச் சரியான இடத்தில் வைத்து, குழாயைப் பூட்டி, அவர் ஒரு வேலையை மட்டும் என்னிடம் விட்டார். வீட்டில் கொண்டுபோய் இன்ஜின் ஆறினபிறகு பற்றரி வயரைக் கழற்றிக் கொஞ்ச நேரத்தால் பூட்ட வேண்டும். ஏசி, லைற், றேடியோ ஒன்றும் இல்லாமல் ஸ்ராட் பண்ணி, பத்து நிமிடம் அப்படியே ஓடவிட வேண்டும். அக்சிலேட்டரை ஒருதரமும் தொடக் கூடாது. அப்போது கம்பியூட்டர் புதிதாக எல்லாவற்றையும் பழகிக்கொள்ளும்.

"தொடாம இரிக்கிறதுதான் வேலை அண்ணன்" என்று சிரித்தார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவர் சொன்னபடியே செய்தேன். ஸ்ராட் பண்ணினேன். முதலில் இன்ஜின் கொஞ்சம் உயர ஓடியது, பிறகு தாழ்ந்தது, குலுங்கியது. கை தானாக ஸ்குருவைத் தேடிப் போனது. இழுத்துக் கட்டிக்கொண்டேன். மெல்ல மெல்ல அது தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன, குலுங்காமல் நிக்குது?"

"கழுவினது."

"வித்தால் வாங்கிறவை குடுத்து வச்சவை" என்றாள்.

இன்னும் ஐந்தாறு நிமிடம் இருந்தது. நான் நின்றபடியே தொடங்கினேன். வெள்ளைப் பொட்டை உடைத்த சனிக்கிழமையிலிருந்து சொன்னேன். அவள் இரண்டு தரம் சொன்னதையும் நான் என்ன சொன்னேன் என்பதையும், வேப்பமரத்தடியில் எனக்கு விளங்கிவிட்டதையும், பொலிஸ் வளவையும், அவளுடைய மைப் போத்தலையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. முடிந்தபிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எத்தினை சுத்து?"

"ஒண்டரை."

"ஒண்டரை" என்றாள் அவள். கையைப் பொனற்றின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு இன்ஜினையே பார்த்தாள். அவள் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். அவள் உள்ளே போனாள். அலுமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் லைசென்ஸ் இருந்தது.

"பொனற்றை மூடிப்போட்டு ஏறுங்கோ. இறக்கக்கண்டிக்குப் போவம்."

அவள்தான் ஓடினாள். உப்புவெளி தாண்டும்வரை ஸ்ரியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. ஓரிடத்தில் பஸ் ஒன்று ஆள் ஏற்ற நின்றது, பின்னால் நாங்கள் நின்றோம். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் மீற்றர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

பள்ளிக்கூட வாசல் ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிக் கிடந்தது. கேற் திறந்துதான் இருந்தது. தூணில் சீமெந்து பெயர்ந்த இடம் அப்படியே இருந்தது. பத்துப் பதினைந்து மீற்றர் தூரம் தள்ளி அவள் காரை நிறுத்தினாள்.

"இறங்கி அந்தத் தூணடியில நில்லுங்கோ. அவ நிண்ட இடத்தில."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இறங்கிப் போய், பெயர்ந்த சீமெந்துக்கு முன்னால் முதுகை வைத்து நின்றேன். கார் நகரத் தொடங்கியது. நடக்கிற வேகம், பிறகு அதற்கும் குறைவு. கண்ணாடிக்குள் அவள் முகம் தெரிந்தது, குனிந்து காலைப் பார்க்கவில்லை, நேரே பார்த்தாள். பிரேக்கை விட்டாள், பிடித்தாள், விட்டாள். உள்ளங்காலால் இன்ஜின் பார்க்கிற எனக்கு அந்த மண்ணில் நின்று ஒன்றும் தெரியவில்லை. ஓடிவிடலாம் போலிருந்தது. இப்படித்தானே அந்தத் தாயும் நின்றிருப்பா, ஆனால் அவவுக்குப் பயப்படக்கூட நேரம் இருக்கவில்லை.

ஒரு சாண் இருக்கும்போது கார் நின்றது. பாயவில்லை. அப்படியே, ஒரே சத்தத்தில், ஓடிக்கொண்டு நின்றது. அவள் நெடுநேரம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, பம்பருக்கும் என் காலுக்கும் இடையில் இருந்த அந்தச் சாண் இடத்தைப் பார்த்தாள்.

"என்ர கால் சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

அப்போதுதான் அழுதாள். நான் கையை நீட்டினேன். அவள் அதைப் பிடிக்கவில்லை.

"வாங்கோ. அவ வீடு அந்த ஒழுங்கைக்குள்ளதான். நீங்கள்தான் கதைக்கோணும், நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். நாளைக்குப் பொலிசுக்கும் போய்ச் சொல்லுவீங்கள்."

"ஓம்" என்றேன்.

அவள் முன்னால் நடந்தாள். ஒடுங்கிய அந்த ஒழுங்கை முழுக்கக் கருவாட்டு வாசம். அந்தத் தாய் முற்றத்தில் குந்தியிருந்து மீனைப் பிரட்டிப் போட்டுக்கொண்டிருந்தா. எங்களைக் கண்டதும் சுவரைப் பிடித்து எழும்பினா.

"வாங்க ரீச்சர். சாரும் வந்திரிக்கீங்களா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனா. ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது காலை இழுத்து இழுத்து, எனக்கென்று ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தா. வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் அதன் இருக்கையைத் துடைத்தா.

நான் இருக்கவில்லை. நின்றபடியே சொல்லத் தொடங்கினேன்.